வீடு வீடாகப் போவதா, தபாலில் துண்டறிக்கையா?

பணம் குறைவான வேட்பாளருக்கு என் ஓட்டு வீடு வீடாகப் போவதற்குத்தான். 2018 ஜூனில் நியூயார்க்கின் 14வது தொகுதி ஜனநாயகக் கட்சி முதல்நிலைத் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தல்) பத்து முறை எம்.பி.யான ஜோ கிராலி பத்து மடங்குக்கு மேல் செலவழித்தும், வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸிடம் தோற்றார். பதிவான மொத்த வாக்குகளே முப்பதாயிரத்தை எட்டவில்லை, அதனால் சில ஆயிரம் கதவுகளைத் தட்டினாலே கணக்கு மாறும்.

துண்டறிக்கை ஒரே நாளில் எல்லாருக்கும் போய்ச் சேரும், சரி. ஆனால் பதில் கேட்காது. வாசலில் நிற்கும் தொண்டருக்கு வாடகைப் பிரச்சினை காதில் விழும், யார் நம் பக்கம் என்று குறித்துக்கொண்டு வாக்குப்பதிவன்று மறுபடி கூப்பிடலாம்.

அப்புறம், நியூயார்க் முதல்நிலைத் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே வாக்கு, 2018 தேர்தலுக்குக் கட்சி மாற முந்தைய அக்டோபரே கெடுவாக இருந்தது, எனவே சீக்கிரமே கிளம்ப வேண்டியிருந்தது.