பலாலி வழியாக அம்மாவோடு ஊருக்கு

வயதான தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போக இருப்பவர்கள் யார் என்னிடம் வழி கேட்டாலும், நேரே யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் பலாலி விமான நிலையத்தில் போய் இறங்குங்கள் என்றுதான் இனிச் சொல்வேன். லண்டனிலிருந்து போகிற எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இன்னும் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வாகனம் பிடித்து ஏ9 வீதியால் ஏழு எட்டு மணித்தியாலம் இருந்து போகிறார்கள். இளவயதில் அது ஒரு பொருட்டே இல்லை, வழியில் நின்று தேத்தண்ணீர் குடித்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சந்தோசமாகப் போகலாம். ஆனால் அம்மாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம், நீரிழிவு, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்க வேண்டும். அப்பாவுக்கு ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் பிதிர்க்கடன் செய்யவேண்டும், தானும் வந்து நிற்கவேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னதால்தான் நான் சென்னை வழியை விசாரிக்கத் தொடங்கினேன்.

சென்னையிலிருந்து பலாலிக்குப் பறப்பது ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். லண்டனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது. கேட்க மிகச் சுகமாக இருக்கும். ஆனால் இந்தப் பயணத்தின் கஷ்டமான பகுதி பலாலியில் இல்லை, சென்னையில்தான் இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ரிக்கெற். லண்டன்–சென்னை ஒன்றாகவும் சென்னை–யாழ்ப்பாணம் வேறொன்றாகவும் தனித்தனியே எடுத்தால், சென்னையில் நீங்கள் குடிவரவைத் தாண்டி, பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைக் கடந்து வெளியே வந்து, திரும்பப் புறப்பாட்டுப் பக்கம் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யவேண்டும். அதாவது இந்திய விசா வேண்டும். எங்களுக்கு ரிக்கெற் எடுத்துத் தந்த முகவர், பெட்டி நேரே போய்விடும், விசா தேவையில்லை என்று அடித்துச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை, விமான நிறுவனத்துக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டேன், அவர்கள் அப்படி இல்லை, விசா வேண்டும் என்றார்கள். முகவரின் வாயை நம்பி ஹீத்ரோவுக்குப் போயிருந்தால் அங்கேயே அம்மாவைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இது ஒரு சின்னக் கவனயீனம் என்று அவர் பிறகு சொன்னார், எனக்கு அது சின்ன விசயமாகத் தெரியவில்லை, எத்தனை வயோதிபர்கள் இப்படிப்பட்டவர்களை நம்பிக் காசு கட்டுகிறார்கள். ஆகவே ஒரே ரிக்கெற்றாக எடுத்தாலும் சரி, இரண்டாக எடுத்தாலும் சரி, பெட்டி எங்கே வரும், விசா வேண்டுமா என்பதை விமான நிறுவனத்திடமே கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் இன்னொன்று, போகும்போதும் வரும்போதும் நீங்கள் இந்தியாவுக்குள் நுழைகிறீர்கள், ஒருதடவை மட்டும் நுழைய விடுகிற விசா எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பலாலியில் மாட்டுப்படாதீர்கள்.

இலங்கைக்கு இடிஏ எனப்படும் பயண அனுமதியையும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள். இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ குடியுரிமைச் சான்றிதழையோ கையோடு வைத்திருங்கள், பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டாம். சென்னையில் செக்கின் செய்யும் இடத்திலேயே இவற்றைக் கேட்டுப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் கடதாசியில் அச்சடித்து ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு அம்மாவின் கைப்பைக்குள் வைத்தேன். தொலைபேசியில் இருந்தால் போதாதா என்று என் மகன் கேட்டான். சார்ஜ் இறங்கின தொலைபேசியை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று தவித்தவர்களைச் சென்னையிலேயே பார்த்தேன், கடதாசியை விட நம்பிக்கையானது எதுவும் இல்லை.

லண்டன் விமானம் சென்னையில் விடியப்புறம் இறங்குகிறது, எங்கள் யாழ்ப்பாண விமானம் பிற்பகலில். நடுவில் கிடைக்கும் நேரத்தை விமான நிலையக் கதிரையில் கழிக்க வைக்காமல், மீனம்பாக்கத்துக்குக் கிட்ட ஒரு அறையை அரை நாளுக்கு எடுத்து அம்மாவைப் படுக்க வைத்தேன். செலவுதான், ஆனால் அந்த நித்திரை இல்லாவிட்டால் அவர் பலாலியில் இறங்கும்போது நிற்கவே முடிந்திருக்காது.

விமானம் ஏடிஆர்72, இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த சின்ன விமானம். இண்டிகோ இந்த வழியில் 2024 செப்டெம்பரிலிருந்து ஓடுகிறது, அதன் ஏடிஆரில் 78 இருக்கைகள். அதற்கு முன்பே 2019 நவம்பரில் தொடங்கியது அலையன்ஸ் எயார், கொரோனாவால் நின்று 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சியிலிருந்தும் இண்டிகோ பறக்கத் தொடங்கியது, திருச்சிக்கு வந்து சேரக்கூடியவர்களுக்கு அது இன்னும் கிட்ட. சின்ன விமானம் என்பதால் நிறை விசயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். லண்டனிலிருந்து கொண்டுவரவிட்ட அதே நிறையை இங்கே எதிர்பார்க்காதீர்கள், உங்கள் ரிக்கெற்றில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது என்று பார்த்து அதற்கு ஏற்றபடி லண்டனிலேயே கட்டுங்கள். மேலே வைக்கும் தட்டும் ஒடுக்கம், சில்லு வைத்த கைப்பெட்டி அதற்குள் போகாது, வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள், ஆகவே மருந்தும் கடவுச்சீட்டும் நகையும் தோளில் போடுகிற பையில் இருக்கட்டும். இன்சுலினை அம்மா மடியிலேயே வைத்திருந்தார்.

முழங்கால் வருத்தக்காரருக்கு ஏடிஆரில் ஒரு நன்மை இருக்கிறது, யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. வாசல் நிலத்துக்குக் கிட்ட, பெரிய விமானத்தின் படிக்கட்டுப் போல் மலை ஏறுவதாக இராது. சக்கர நாற்காலி வேண்டும் என்று ரிக்கெற் எடுக்கும்போதே பதிந்திருந்தோம். பலாலியில் நேரே கதவோடு ஒட்டுகிற பாலம் எல்லாம் இல்லை, படியால் இறங்கி வெயிலுக்குள்ளே நிற்கிறீர்கள். இரண்டு பொடியன்கள் வந்து, "அம்மா, அவசரப்படாதேங்கோ, எங்கட கையைப் பிடிச்சு மெல்ல இறங்குங்கோ" என்று சொல்லி இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினார்கள். லண்டனில் சக்கர நாற்காலிக்கு ஆள் வரும்வரை காத்திருந்து களைத்துப்போன மனுசி, இங்கே அந்தப் பிள்ளைகளிடம் எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரித்துக்கொண்டே போனார்.

மண்டபம் சின்னது. ஒரே விமானத்தில் வந்தவர்கள் மட்டும்தான் வரிசையில் நிற்கிறார்கள், அதனால் எந்தப் பெரிய நிலையத்திலும் கிடைக்காத ஒரு அமைதி இருக்கிறது, யாரும் யாரையும் இடிப்பதில்லை. குடிவரவில் எங்களிடம் கேட்டது, எங்கே தங்குவீர்கள், எவ்வளவு காலம், திரும்பும் ரிக்கெற் எங்கே, அவ்வளவுதான். தங்கும் வீட்டின் முழு முகவரியையும் அங்குள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்திருங்கள், "மாமா வீடு, சுன்னாகம்" என்று சொன்னால் படிவத்தை நிரப்ப முடியாது. சுங்கத்தில் முன்னுக்கு நின்ற குடும்பம் ஒன்றின் பெட்டியில் நிறையப் புதுத் தொலைபேசிகள், அவர்களுக்கு நேரம் எடுத்தது. சொந்தங்களுக்குக் கொடுக்கக் கொண்டுபோவதுதான், தெரியும், ஆனால் ஒரே மாதிரிப் பெட்டி கலையாத சாமான் பல இருந்தால் விற்கக் கொண்டுவந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சின்ன நிலையம் என்றால், உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் விட்டுவைக்கக் கூடாது. இது இந்த நிலையத்துக்கு மட்டுமல்ல, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விமானம் வருகிற எந்த இடத்துக்கும் பொருந்தும். காசு மாற்ற, சிம் வாங்க, சாப்பிட, எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணப் பட்டினமோ சுன்னாகமோ இருக்கிறது, அதுவரைக்கும் தேவையான இலங்கை ரூபா கொஞ்சம் கையில் இருந்தால் நிம்மதி. தண்ணீரும், நீரிழிவுக்காரருக்குப் பிஸ்கற்றும் பையில் இருக்கட்டும். வாகனத்தை ஊரிலிருந்து முன்கூட்டியே ஒழுங்குபண்ணுங்கள். பட்டினம் ஏறக்குறைய 16 கிலோமீற்றர், ஓட்டோவிலும் போகலாம், ஆனால் லண்டன் பெட்டிகளோடு ஓட்டோ சரிவராது. எங்களுக்குத் தம்பி முறையான ஒருவர் வாகனத்தோடு வந்து நின்றார். கூட்டிக்கொண்டு போக வருகிறவரின் பெயர், வாகன இலக்கம், தொலைபேசி எல்லாம் உங்கள் கையில் எழுதி இருக்கட்டும்.

படம் எடுக்கும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே விமானப்படைத் தளம், சுற்றிவர இராணுவம். நாற்பது வருடம் கழித்து வந்து இறங்குகிற ஒரு மனிதனுக்கு அந்த மண்ணைப் படம் பிடிக்கவேண்டும் என்று இருக்கும், எனக்கு அது நன்றாக விளங்கும், ஆனாலும் வெளியே வீதிக்கு வந்தபிறகு எடுங்கள்.

இந்த இடம் எங்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியர் போட்ட ஓடுபாதை. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து புறப்பட்ட விமானம் காங்கேசன்துறை என்ற பெயரில் இங்கேதான் நின்று சென்னைக்குப் போனது. அம்மாவின் சின்ன வயதில் திருச்சிக்கு இங்கிருந்து பறந்து போய் சேலை வாங்கி வந்தவர்களைப் பற்றி அவர் இப்போதும் சொல்வார். பிறகு யுத்தம். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது, பலாலியும் மயிலிட்டியும் வசாவிளானும் சனத்தை உள்ளே விடாத இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2019 ஒக்டோபர் 17 அன்றுதான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திரும்பத் திறந்தார்கள்.

ஓடுபாதையை நீட்டவேண்டும், பெரிய விமானம் வரவேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் கூட்டங்களில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் விரும்புகிறேன். லண்டனில் ஏறினால் பலாலியில்தான் இறங்குவது என்று ஒரு நாள் வந்தால் அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் அந்த நீட்டுகிற நிலம் யாருடையது என்பதை ஒரு தரம் யோசித்துப் பேசுங்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் காணி இருந்தும் முப்பத்தைந்து வருடமாக அதில் கால் வைக்க முடியாமல் இருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, அம்மாவின் தமக்கையின் குடும்பம் அதில் ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வருகிறார்கள், 2017இல் மயிலிட்டித் துறைமுகம், 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி, அதுவும் முதலில் பகல் வேளைக்கு மட்டும் என்று. முதலில் அவர்களின் காணிக்கு ஒரு நியாயமான முடிவு வரட்டும், அதற்குப் பிறகு ஓடுபாதையைப் பற்றிக் கதைப்போம் என்பதுதான் என் நிலைப்பாடு. அதுவரைக்கும் ஏடிஆர் எங்களுக்குப் போதும்.

கடலுக்காகவும் வருகிறவர்களுக்கு பலாலி நல்ல இடம், கீரிமலையும் காங்கேசன்துறையும் பக்கத்திலேயே. கீரிமலைக் கேணியில் நன்னீர், மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல். ஆடி அமாவாசைக்கு விடியவே போய்விடுங்கள், சனம் நெருக்கும். நாங்கள் நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளைகளோடு குளிக்க விரும்பினால் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, அங்கே அலை குறைவு, ஆழமும் குறைவு. ஆடி ஆவணியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும், விமானம் இறங்கும்போது கொஞ்சம் குலுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்துக்கு வருவதென்றால் ரிக்கெற்றை மாதக்கணக்காக முன்பே எடுங்கள், 78 இருக்கை எந்த மூலைக்கும் காணாது. கிடைக்காவிட்டால் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது, 2023இல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட்டில் திரும்ப ஓடத் தொடங்கியது. அம்மாவோடு அதில் ஏற எனக்கு மனமில்லை, இளம் ஆட்கள் தாராளமாகப் போகலாம்.

திரும்பும் பயணத்தில் நான் கட்டாயம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பலாலியிலிருந்து சென்னைக்குப் பிற்பகல் விமானம், அடுத்த நாள் விடிய லண்டன் விமானம் என்று நெருக்கிக் கட்டாதீர்கள். ஒரு விமானம் நின்றால் அன்றைக்கு வேறு விமானம் இராது, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழைக் காலத்தில் காலநிலை எப்போது கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் சென்னையில் ஒரு முழு நாள் இடைவெளி வைத்தோம், அம்மா ஆறுதலாகப் படுத்து எழும்பி, மயிலாப்பூரில் கபாலீசுவரரையும் கும்பிட்டுவிட்டு விமானம் ஏறினார். அடுத்த வருடமும் ஆடி அமாவாசைக்குப் போகவேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார், நான் திருச்சி வழியின் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.