அக்சிகன் வில்லையோடு நாலு வருசம்

கிளிநொச்சியில உயர்தரப் பெடியளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறன். அரைப் பாகை அடிக்கோணமுள்ள அக்சிகன் ஒண்டு 2021 கடைசியில வாங்கினது. கூம்பு முகமுள்ள வில்லை, அவ்வளவுதான். பெயர் வைச்சவர் மக்லியொட், 1954இல.

1 மில்லிமீற்றர் விட்டமுள்ள சும்மா பச்சை லேசர் ஒன்றரை மீற்றரிலேயே 1.4 மடங்காகப் பருத்துவிடும். கோணல், அதாவது ஒளி போகப்போகத் தானாய் விரியிற குணம், விடாது. அதை ரெண்டு குவிவு வில்லையால 5 மில்லிமீற்றருக்கு விரிச்சு அக்சிகனுக்குள்ள விட்டால், நாலாபக்கமிருந்தும் சரிஞ்சு வாற ஒளி நடுவில ஒரு புள்ளியும் சுத்திவர வளையங்களுமாய் நிக்கும். பெசல் கற்றை எண்டிறது இதைத்தான். 1987இல டேர்னின் குழு செய்து காட்டினது. புள்ளி 0.1 மில்லிமீற்றருக்கும் குறைவு, நுணுக்குக்காட்டியின்ர பொருள்வில்லையால சுவரில பெருப்பிச்சுத்தான் பார்க்கலாம். ஆனால் அரை மீற்றர் தூரம் பருக்காமல் போகுது.

பெடியளுக்குப் பிடிச்சது குண்டூசி விளையாட்டு. நடுவில ஊசியைக் குத்தி நிறுத்தினால் புள்ளி செத்துப்போகும். ஏழெட்டு சென்ரிமீற்றர் தள்ளிப் பார்த்தால் பழையபடி நிக்கும். "சேர், இது சாகாதோ?" எண்டான் ஒருத்தன். பக்கத்தால வாற ஒளிதானே ஒவ்வொரு இடத்திலயும் அந்தப் புள்ளியைப் புதிசாய்க் கட்டுது.

அந்த அரை மீற்றர் தாண்டினால் வெறும் வளையல். மேசன் வேலை செய்யிற மச்சான் மட்டம் பிடிக்கக் கேட்டார், உதவாது எண்டிட்டன். வளையம் ஒவ்வொண்டும் நடுப்புள்ளியளவு சக்தியைப் பங்கு கேக்குது, புள்ளிக்கு மிஞ்சிறது கொஞ்சம்தான்.

முதல் மாரியில புள்ளி நாலு மூலை நட்சத்திரமாய் உடைஞ்சுது. வில்லையைத்தான் திட்டினன். பிறகு பார்த்தால் பலகைத் தாங்கி ஈரத்தில ஊதிச் சரிஞ்சிருக்கு. அலுமினியப் பிடி கடைஞ்செடுத்து, தட்டை முகத்தில பட்டுத் திரும்பிற வெளிச்சம் லேசர் வாய்க்கே வரும்படி திருப்பினதோட சரி. காசிருந்தால் வில்லையை விடப் பிடிக்குச் செலவழியுங்கோ.

மலிவுப் பச்சைப் பொயின்ரர் 2022 மின்வெட்டில பற்றரியோட கைகொடுத்தது உண்மை. ஆனால் சித்திரை வெக்கையில வெளிச்சம் ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். வடிகட்டி போடாமல் பெடியளின்ர கையில குடுக்காதேங்கோ.

ஒருக்கா புழுதியைச் சாரத் தலைப்பால துடைச்சுக் கூம்பு நுனியில கீறல் விழுத்திட்டன். நுனி மழுங்கினால் நடுக்கோடு நெடுக வெளிச்சம் கூடிக் குறையும்; இப்ப என்ரையில அது கண்ணுக்கே தெரியுது. மிச்ச நேரமெல்லாம் சிலிக்கா ஜெல் போட்ட பால்மா ரின்னுக்குள்ளதான் வில்லை.