ஆன்லைனில் வழக்கு போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள்: 46,500 ரூபாய் போச்சு

வயிறு எரிகிறது. அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். வீடு வாங்க அக்ரிமென்ட் போட்டு, முன்பணமும் கொடுத்துவிட்டு, விற்பவர் கிரயம் எழுதித் தராமல் இழுத்தடிக்கும் நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். ஏமாற்றியவர்களின் பெயர் போடவில்லை. வக்கீல் ஆபீஸ் கிடையாது; ‘வீட்டிலிருந்தபடியே வக்கீல்’ என்று விளம்பரம் செய்து பேக்கேஜ் விற்கும் இணையதளம்.

என்னுடையது பதிவு செய்த கிரய ஒப்பந்தம். விலை 32 லட்சம், முன்பணம் 5 லட்சம். கெடு தாண்டியும் விற்பவர் வரவில்லை. நோட்டீஸ், வழக்கு தாக்கல், கோர்ட் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 46,500 ரூபாய் என்றார்கள். வீடியோ காலில் வந்தவர் கழுத்தில் வக்கீல் கட்டும் வெள்ளைப் பட்டையும் கறுப்புக் கோட்டுமாக உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்த கெடு தேதியை அவராகவே வாசித்துக் காட்டினார். “உங்க ஊர் கோர்ட்லயே நம்ம பேனல் அட்வகேட் இருக்கார் சார், நீங்க அலையவே வேண்டாம்.” பத்திரத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறாரே என்ற அந்த நம்பிக்கையில்தான் பணம் போனது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ‘ஒப்பந்தப்படி கிரயம் எழுதித் தரவேண்டும்’ என்று கேட்கும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் விற்பனை விலையின் மேல். 2017 திருத்தத்துக்குப் பிறகு 100-க்கு 3 ரூபாய். 32 லட்சத்துக்கு 96,000 ரூபாய் கோர்ட் ஃபீஸ் மட்டுமே ஆகும். 46,500-க்குள் ‘எல்லாம் சேர்த்து’ இந்த வழக்கைப் போடவே முடியாது. 5 லட்சத்தைத் திருப்பிக் கேட்கும் பண வழக்கு என்றால் 15,000. அவர்கள் மனதில் இருந்தது இதுதான் போலிருக்கிறது, ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை.

அனுப்பிய நோட்டீஸ் அதைவிட மோசம். ‘முன்பணத்தை 15 நாளில் திருப்பித் தரவும்’ என்று ஒரே கோரிக்கை. கிரயம் கேட்பவர் பாக்கிப் பணத்தோடு தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும்; குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் (Specific Relief Act) 16(சி) பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. நோட்டீஸில் அந்த வாக்கியமே கிடையாது. பணத்தை மட்டும் கேட்டு நோட்டீஸ் போனால், ‘இவருக்கு வீடு வேண்டாம், பணம்தான் வேண்டும்’ என்று எதிர்த்தரப்பு அதையே நம் மேல் திருப்பும். சரியான வழி, கிரயத்தை முதல் கோரிக்கையாகவும், அது கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்பதை மாற்றுக் கோரிக்கையாகவும் ஒரே வழக்கில் கேட்பது. முன்பணத்தையும் வழக்கில் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால்தான் நீதிமன்றம் கொடுக்கும், அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு அப்படி. நோட்டீஸில் வக்கீலின் பதிவு எண் இல்லை. கையெழுத்து ஒட்டுப் படம். தபால் ரசீது கேட்டால் “சிஸ்டம்ல அப்டேட் ஆகும்.”

அதன்பிறகு “கேஸ் ஃபைல் ஆயிடுச்சு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு எண். அது அவர்களுடைய ஆர்டர் எண்! கோர்ட் வழக்கு விவரம் பார்க்கும் ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமில்லை. வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில்) கையெழுத்தே வாங்காமல் எந்த வக்கீல் தாக்கல் செய்திருப்பார்? கேட்டதற்கு முதலில் “கோர்ட் வெகேஷன்”. அடுத்து “பிளெயின்ட் ரிட்டர்ன் ஆகியிருக்கு, ரீபிரசன்ட் பண்றோம்.” அதாவது வழக்கு மனு திரும்பி வந்திருக்கிறதாம், மறுபடி தாக்கல் செய்கிறார்களாம். ரிட்டர்ன் ஆன மனுவில் நீதிமன்றம் காரணம் எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தை அனுப்புங்கள் என்றதும் பேச்சு நின்றது. கடைசியாக வந்த மெயில்: “நாங்கள் வக்கீல்களை இணைத்துவிடும் தளம் மட்டுமே, சேவைக் கட்டணம் திரும்பாது.” 46,500 ரூபாயை வாங்கும்போது இணைப்புத் தளம் என்று சொல்லவில்லையே!

பணத்தைவிடக் காலம் போனதுதான் கொடுமை. கெடு தேதி குறித்த ஒப்பந்தத்துக்கு அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கு போட வேண்டும். தாண்டினால் முடிந்தது. “ஃபைல் ஆயிடுச்சு” என்ற பொய்யை நம்பி உட்கார்ந்தால் வீடும் போகும், முன்பணமும் போகும்.

வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. வக்கீல் மீதான புகார் பார் கவுன்சிலுக்குத்தான். ஆனால் இந்த நிறுவனம் வக்கீல் இல்லை. அதைச் சொல்லித்தான் நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

அவசரமாகச் சில விஷயம். பணம் கட்டுமுன் வக்கீலின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். வக்காலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாமல் உங்கள் வழக்கு தாக்கல் ஆகிவிட்டது என்றால் நம்பாதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் கேளுங்கள், வழக்குக்கு இன்னும் நம்பர் ஆகவில்லை என்றால் தாக்கல் செய்தபோது கொடுக்கும் எஸ்.ஆர். எண்ணாவது கேட்டு, கோர்ட் ஃபைலிங் செக்ஷனில் விசாரியுங்கள். கோர்ட் ஃபீஸ் எவ்வளவு, எந்தக் கோரிக்கைக்கு என்று தனியாகக் கணக்கு வாங்குங்கள். கெடு முடிந்த நாளில் பாக்கிப் பணம் உங்களிடம் இருந்ததற்கு பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வையுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. ஒப்பந்தத்தின் அசலை யாருக்கும் கூரியரில் அனுப்ப வேண்டாம், ஸ்கேன் போதும்.