புதியதா, பழையதா, எல்.இ.டி.யா? காரின் பின்விளக்கை மாற்றும் முன்

சென்ற ஐப்பசி மழையில் மேல்மருவத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் காரை நிறுத்தினேன். பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர் இறங்கி வந்து, என் காரின் இடப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை என்றார். பிரேக் போட்டபோது ஒரு பக்கம் மட்டும் சிவந்ததால், முன்னால் போவது மோட்டார் சைக்கிள் என்று முதலில் நினைத்தாராம். அவர் சொல்லாமல் போயிருந்தால் எனக்கு எப்போது தெரிந்திருக்குமோ! ஓட்டுகிறவர் கண்ணில் படாத விளக்கு அது.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் முழு விளக்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. வீட்டில் டிக்கியைத் திறந்து இரண்டு திருகுகளைக் கழற்றினேன். விளக்கு கையோடு வந்தது. உள்ளே ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர். பல்பின் இழைகள் இரண்டும் முழுசாக இருந்தன. ஆனால் ஹோல்டரின் பித்தளைத் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளைச் சிறிதாகக் கிழித்துத் தேய்த்து, துடைத்து மாட்டினேன். எரிந்தது.

எனவே முதல் போட்டி மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் இடையில்தான். இண்டிகேட்டர் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து மினுக்கினால், பெரும்பாலும் எர்த் இணைப்பில்தான் (மின்சாரம் காரின் உடலுக்குத் திரும்பும் வயரில்தான்) கோளாறு. இரண்டு பக்க பிரேக் லைட்டுகளும் ஒன்றாக அணைந்துபோனால் ஃபியூஸையோ, பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்சையோ பார்க்க வேண்டும். பிரேக்கில் கால் வைக்காமலே லைட் எரிந்துகொண்டிருந்தால், அந்த சுவிட்சை அழுத்தும் சிறிய ரப்பர் பொடிந்து விழுந்திருக்கலாம். இவை எதற்கும் புது விளக்கு தேவையில்லை. மேலே கீறல் விழுந்து மங்கியிருந்தாலும் 1000, 2000 எண் தண்ணீர் உப்புத்தாளும் பாலிஷும் போதும். சிவப்பு நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருப்பதால் தேய்த்தால் போய்விடாது. தின்னர், பெட்ரோல் மட்டும் அதன் பக்கம் போகக் கூடாது. அக்ரிலிக் கண்ணாடி மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும்.

விரிசலுக்கு மட்டும் பாலிஷ் மருந்தாகாது. என் விளக்கின் கீழ் ஓரத்தில் இருந்தது விரிசல்தான். தண்ணீர் வந்த வழி அது. சிவப்பு டேப் ஒட்டி நாலு நாள் ஓட்டலாம், அடுத்த மழை வரை ஓட்ட முடியாது. அப்படித்தான் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

கார் நிறுவனத்தின் ஒரிஜினல் உதிரி பாகம் என்றால் பொருத்தத்தைப் பற்றிக் கவலையே இல்லை. விலைதான் உறுத்தும். இன்சூரன்ஸில் கேட்கலாமே என்று தோன்றும். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி எடுத்திருந்தால்தான் அந்தக் கழிவு இல்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் வேறு உண்டு. ஒற்றை விளக்குக்காகக் கோரிக்கை வைத்தால் கோரிக்கை வைக்காதவர்களுக்கு அடுத்த ஆண்டு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். எனக்குக் கணக்கு கட்டவில்லை.

சென்னையின் உதிரி பாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் புதிதாகக் கிடைப்பவற்றை ஒரே கூடையில் போட முடியாது. லூமாக்ஸ், மிண்டா போல கார் நிறுவனங்களுக்கே விளக்கு செய்து கொடுப்பவர்கள் வெளிச் சந்தையிலும் விற்கிறார்கள். அது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெயரில்லாத டூப்ளிகேட்டைக் கையில் எடுத்ததுமே எடை காட்டிக்கொடுத்தது. அதன் சிவப்பு நிறம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது. பின்புற ரப்பர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. மழைத் தண்ணீருக்காக மாற்றப் போகிறவன், தண்ணீர் புகும் வழியோடு வருவதை எதற்கு வாங்க வேண்டும்?

அங்கிருந்து, பழைய உதிரி பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டை. பழைய கார்களிலிருந்து கழற்றிய ஒரிஜினல்கள் அடுக்கடுக்காக இருக்கும். பொறுமை வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்டு மாறினால் வடிவம் மாறியிருக்கும். அதனால் பழைய விளக்கைக் கையோடு கொண்டுபோனேன். வெயிலுக்கு நேரே பிடித்து விரிசல் பார்க்க வேண்டும். திருகு ஏறும் காதுகள் உடைந்து ஒட்டப்பட்டிருக்கிறதா, உள்ளே வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது கடையில் எனக்கானது கிடைத்தது. டூப்ளிகேட்டை விடச் சற்றே விலை கூடுதல். பெயரில்லாத புதியதை விட நல்ல நிலையில் இருக்கும் பழைய ஒரிஜினலே மேல் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

விளக்கு ஒன்று, உள்ளே போடும் பல்பு இன்னொன்று. எல்.இ.டி. போடச் சொல்லாத கடைக்காரர் இல்லை. அதன் பெரிய நன்மை உண்மையானது: இழை பல்பு சூடேறி ஒளிர்வதற்குள் எல்.இ.டி. சுமார் 0.2 விநாடி முந்திக்கொள்ளும். 80 கி.மீ. வேகத்தில் அது நாலு மீட்டருக்கு மேல். ஆனால் அந்த நன்மை எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்கில்தான் முழுதாகக் கிடைக்கும். 21/5 வாட் இரட்டை இழை பல்பில் பின்விளக்கு இழையின் ஒளி 35 லூமன், பிரேக் இழையின் ஒளி 440. அந்தப் பன்னிரண்டு மடங்கு வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிறார். மலிவான எல்.இ.டி. பல்புகளில் இந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. வெள்ளை எல்.இ.டி. என்றால் சிவப்புக் கண்ணாடி அதன் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். போடத்தான் வேண்டும் என்றால் சிவப்பு எல்.இ.டி.யே போட வேண்டும். இண்டிகேட்டரில் போட்டால் மின்சாரம் குறைவாக இழுப்பதால் படபடவென்று அடிக்கும். அதைச் சரிசெய்ய மாட்டும் ரெசிஸ்டர் கொதிக்கும்; அதை வயர்களோடு சேர்த்துக் கட்டினால் ஆபத்து. நான் இழை பல்பிலேயே நின்றுகொண்டேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிறுவனத்தின் புது பல்புகள். செலவு சில பத்து ரூபாய்கள்தான். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. இருக்கும் வெளிச்சத்தையும் அது மறைக்கிறது.

விளக்கைப் பொருத்தி, வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, இரவு எட்டு மணிக்குக் காரைச் சுற்றுச்சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தபடி பிரேக்கை மிதித்தேன். சுண்ணாம்புச் சுவரில் இரண்டு சிவப்பும் ஒரே அடர்த்தியில் விழுந்தன.