கலைப்பதா, எரிப்பதா? வறண்ட பைன் காடுகளுக்கான இரு வழிகள்

அடிக்கடி சிறு தீ கண்டு வளர்ந்த வறண்ட பைன் காடுகளில், தீயைப் பல பத்தாண்டுகள் அடக்கியே வைத்ததால் மரங்கள் நெருங்கிவிட்டன. இருக்கும் ஈரத்துக்கு எல்லாம் போட்டியிடுகின்றன. வறட்சி நீளும்போது பிசின் சுரப்பு குறைகிறது. மரப்பட்டையைத் துளைக்கும் பட்டை வண்டுகளைத் தடுக்க மரத்திடம் வேறு பெரிய ஆயுதம் இல்லை.

மரங்களைக் கலைப்பதில், அதாவது நெருக்கம் குறையச் சில மரங்களை வெட்டி எடுப்பதில், உள்ள நன்மை துல்லியம். எது நிற்கவேண்டும் என்று குறியிட்டு வெட்டலாம். சின்ன மரங்களிலிருந்தே தொடங்க வேண்டும், தரைத்தீ அவற்றின் வழியாகத்தான் உச்சிக்கு ஏறும். தடித்த பட்டை கொண்ட முதிர்ந்த மரங்கள் தீயைத் தாங்குபவை. நல்ல விலை போகும் என்று அவற்றை வெட்டுவது காட்டுப் பராமரிப்பே அல்ல.

சிக்கல் கழிவில் வருகிறது. வெட்டிய கிளைகளும் நுனிகளும் தரையில் கிடந்தால் அடுத்த தீ இன்னும் உக்கிரமாகும். சுமார் 8 செ.மீ.க்கு மேல் தடித்த பச்சைத் துண்டுகள் வசந்தகாலத்தில் கிடந்தால், இப்ஸ் இனப் பட்டை வண்டுகள் அவற்றில் பெருகி நிற்கும் மரங்களுக்குப் பரவும். கோடை முடிவுக்குப் பிறகு வெட்டினால் அடுத்த வண்டுப் பருவத்துக்குள் துண்டுகள் உலர நேரம் கிடைக்கும்.

திட்டமிட்ட எரிப்பு சருகையும் சுள்ளியையும் நேரடியாகக் குறைக்கும். ஏக்கருக்கு ஆகும் செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் ஏற்ற வானிலை சில நாட்களே அமையும். முதலில் காற்று போய்ச்சேரும் பக்கத்து எல்லையில் தீ வைத்து, அது காற்றை எதிர்த்து மெல்ல நகர்ந்து அகலமான கருகிய நிலப்பட்டையை உண்டாக்கிய பிறகே மற்ற பகுதியைத் தொட வேண்டும். முதிர்ந்த மரங்களின் அடியில் குவிந்த மட்கை முன்பே வாரி விலக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவாலையே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்று வேரைக் கொன்றுவிடும்.

எரிப்பில் பெரிய ஆபத்து, அணைந்ததாகத் தோன்றும் தீ. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் எரித்த கழிவுக் குவியல்கள் பனிப்பொழிவையும் தாண்டி உள்ளே கனன்று, ஏப்ரலில் காஃப் கேன்யன் காட்டுத்தீயாக வெளிப்பட்டன. குவியலைக் கிளறி, சாம்பலருகே புறங்கையைப் பிடித்துச் சூடு பார்க்காமல் இடத்தை விட்டு நகரக் கூடாது.

இரண்டில் ஒன்று என்று பார்ப்பதே போதாது. 2021இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பரவிய பூட்லெக் காட்டுத்தீயில், கலைத்து எரித்த பகுதிகள் கலைத்ததோடு நின்ற பகுதிகளைவிட நன்றாகத் தப்பின. பணம் ஒன்றுக்கே உண்டென்றால், இளமரங்கள் அடர்ந்திராத காட்டில் எரிப்பு. வீடுகளை ஒட்டிய பகுதியில் கலைப்பு, கழிவையும் அப்புறப்படுத்தி. எரிப்பை 5 முதல் 15 ஆண்டுகளுக்குள் மறுபடி செய்ய நிதி ஒதுக்குங்கள். தீக்குப் பழகாத ஈரமான மழைக்காடுகளுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே தீயை அண்டவிடாமல் காப்பதுதான் வேலை.