உப்புக் காற்றுக்கு எது தாங்கும்: ஏரா, ப்ரோவா?

மடிக்கணினி வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. ஆப்பிளின் மேக்புக்கில் எடை குறைந்த ஏர் போதுமா, பலம் கூடிய ப்ரோ வேண்டுமா? ராமநாதபுரத்தில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்கிற எனக்கு இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. டெல்லியிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து எழுதும் விமரிசனங்களைப் படித்துவிட்டு இங்கே முடிவெடுத்தால் கணக்கு தப்பும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில் வெயிலும் ஈரமும் உப்பும் கருவியின் ஆயுளில் பங்கு கேட்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள பெரும்பாலோருக்கு ஏர்தான் சரி. கணினியை நாள்தோறும் மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் வேலை வாங்குகிறவர்கள் மட்டும் ப்ரோ வாங்க வேண்டும். அவர்களும் அதன் அடிப்படை மாடலோடு நின்றுவிடக் கூடாது. “எதற்கும் இருக்கட்டும்” என்று நடுவில் நிற்பவர்களிடம்தான் பணம் அதிகம் வீணாகிறது.

ஒப்பிடுவதற்கு, 2025 மார்ச்சில் வந்த 13 அங்குல மேக்புக் ஏரையும் 2024 இறுதியில் வந்த 14 அங்குல மேக்புக் ப்ரோவின் அடிப்படை மாடலையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் இருப்பது எம்4 என்ற ஒரே சிப். நினைவகமும் (ரேம்) இரண்டிலும் 16 ஜிபியில் தொடங்குகிறது. அறிமுக விலை ஏருக்கு 99,900 ரூபாய், ப்ரோவுக்கு 1,69,900 ரூபாய். எழுபதாயிரம் வித்தியாசம் என்று பதற வேண்டாம். ஏரில் அந்த விலைக்கு 256 ஜிபி சேமிப்பகம்தான், ப்ரோவில் 512. ஏரையும் 512 ஜிபியாக எடுத்தால் அறிமுக விலையே 1,19,900. உண்மையான வித்தியாசம் ஐம்பதாயிரம். அந்த ஐம்பதாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

எடையைப் பற்றிய பேச்சை விரைவாக முடித்துவிடலாம். ஏர் 1.24 கிலோ, ப்ரோ 1.55 கிலோ. 310 கிராம் கூடுதல். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இதைவிடக் கனம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் கல்லூரி மாணவிக்குக்கூட இது தோளை இழுக்கும் எடை இல்லை. 15 அங்குல ஏர் எடுத்தால் அதுவே 1.51 கிலோ, கிட்டத்தட்ட ப்ரோவின் எடை. எடையைக் காரணம் காட்டி ஏர் வாங்குவதும் பெயரைக் காரணம் காட்டி ப்ரோ வாங்குவதும் ஒரே மாதிரியான அவசரம். 2.14 கிலோ இருக்கும் 16 அங்குல ப்ரோ என்றால் மட்டும் எடையைப் பேசலாம்.

இரண்டையும் உண்மையில் பிரிப்பது விசிறி. ஏரில் விசிறி கிடையாது. உள்ளே பிறக்கும் சூடு அலுமினிய உடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு புகைப்படத்தைத் திருத்துவது, ஆல்பத்தின் ஒரு பக்கத்தை அடுக்குவது, நூறு பக்க ஆய்வேட்டைத் திறப்பது போன்ற வேலைகள் கணினியைச் சில நொடிகள் மட்டும் முறுக்கிவிட்டு விட்டுவிடுகின்றன. அப்போது இரண்டு கருவிகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு இருக்காது. ஒரே சிப்தானே! ஆனால் ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை நிறம் சரிசெய்து, இருட்டில் எடுத்த காட்சிகளில் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கி, முடிந்த வீடியோக் கோப்பாக ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யும்போது கதை மாறும். முதல் சில நிமிடங்கள் ஏரும் ப்ரோவும் சேர்ந்தே ஓடும். பிறகு ஏரின் உடல் சூடேறி, சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ப்ரோ விசிறியைச் சுழலவிட்டு அதே வேகத்தில் கடைசி வரை போகும்.

வெயிலும் இந்தக் கணக்கில் சேர்கிறது. இரண்டு கருவிகளுக்குமே ஆப்பிள் குறித்திருக்கும் இயக்க வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. சித்திரை, வைகாசியில் ஏ.சி. இல்லாத மாடி அறையில் பகல் இரண்டு மணிக்கு 35 டிகிரி என்பது கருவியை இயக்குவதற்கு முன்பே தாண்டிவிடுகிற எல்லை. அந்த அறையில் ஏரை நீண்ட ஏற்றுமதிக்கு உட்கார வைத்தால் வேகம் சீக்கிரமே குறையும். ப்ரோவின் விசிறியும் குளிர்ந்த காற்றை உருவாக்குவதில்லை. அறையில் இருக்கும் சூடான காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. இருந்தாலும் ஏரைவிட நன்றாகச் சமாளிக்கும்.

இதுவரை படித்தால் விசிறி உள்ளதே மேல் என்று தோன்றும். எங்கள் கரையில் விசிறிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது உள்ளே இழுப்பது வெறும் காற்றை அல்ல.

கடல் அலை உடைந்து தெறிக்கும் துளிகள் காற்றில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாக ஊருக்குள் வருகின்றன. துகள் உலர்ந்து கிடக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். மழைக்காலக் காலைகளில் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அந்த ஈரப்பதம் சாதாரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது இதே காற்றுக்கு அஞ்சித்தான்.

பழுது பார்க்கும் கடையில் பின்மூடியைக் கழற்றிய ஒரு விசிறி மடிக்கணினியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடற்கரையை ஒட்டிய வீட்டில் சில ஆண்டுகள் ஓடியது. விசிறி இறக்கைகளின் ஓரத்தில் சாம்பல் நிறத் தூசி ஈரப் பஞ்சு போலத் திரண்டு ஒட்டியிருந்தது. சூட்டை வெளியேற்றும் தகடுகளின் இடுக்கு பாதி அடைபட்டிருந்தது. சார்ஜர் சொருகும் இடத்தைச் சுற்றி வெளிர்ப் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. கடைக்காரர் மென்மையான பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட்டு, “விசிறியை மாற்றிவிடலாம் தம்பி, போர்டு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது” என்றார்.

ஏரில் காற்று உள்ளே போகும் பாதை மிகக் குறைவு. உப்பு நுழைவதும் குறைவு. சார்ஜர் துளையும் யுஎஸ்பி துளைகளும் அதிலும் திறந்துதான் இருக்கின்றன, அவற்றைக் கவனிக்க வேண்டும். ஆனால் காற்றை இழுத்து போர்டின்மேல் ஓடவிடும் வேலை அங்கே நடப்பதில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு நான் ஏரைச் சொல்வது விலையைப் பார்த்து மட்டும் அல்ல, இதற்காகவும்தான். ப்ரோ வைத்திருப்பவர்களும் கவலைப்படத் தேவையில்லை. இலேசான வேலையில் அதன் விசிறி பெரும்பாலும் சுழலுவதே இல்லை. கனமான வேலையை மூடிய, முடிந்தால் ஏ.சி. அறையில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்தால் போதும்.

ஏ.சி. என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குளிர்ந்த அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துவந்தால் கேமரா லென்ஸில் பனி படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பனி மடிக்கணினிக்குள்ளும் படியும். ஆப்பிள் சொல்லும் 90 சதவீத ஈரப்பத வரம்பும், நீர்த்துளி படியாத நிலைக்கு மட்டுமே பொருந்தும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிச்சூட்டில் வைத்திருந்துவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏருக்கும் ப்ரோவுக்கும் இது பொது. திரவத்தால் வரும் சேதம் சாதாரண வாரண்டியில் சேராது; பெரிய பழுதென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரைக்குத்தான் போக வேண்டும்.

ப்ரோவுக்கு நான் முழு மனதோடு மதிப்பெண் தருவது திரையில். ஏரின் திரை 500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் தரும். ப்ரோ வெயிலில் தானாகவே 1000 நிட்ஸ் வரை ஏறும். வீட்டுக்குள் இருப்பவருக்கு இது பொருட்டே இல்லை. மண்டபம் ஊரில் கடற்பாசி வளர்க்கும் மிதவைகளின் அளவுகளைக் கரையிலேயே பதிவு செய்யும் ஆராய்ச்சி மாணவருக்கு இது பெரிய விஷயம். உச்சி வெயிலில் உடைமர நிழலில் உட்கார்ந்தால்கூட ஏரின் திரையில் உங்கள் முகம்தான் முதலில் தெரியும், அட்டவணை அப்புறம்தான். கூடுதல் விலைக்குப் ப்ரோவில் பளபளப்பைக் குறைக்கும் நானோ டெக்ஸ்சர் கண்ணாடியும் கிடைக்கிறது. களத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள் அதையும் யோசிக்கலாம்.

கல்யாண வேலைக்கு வருகிறேன். ஒரு 4கே கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமராக்கள், ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. 256, 512 இரண்டுமே இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. உள் சேமிப்பகத்தை ஆப்பிளிடம் கூடுதல் விலைக்கு வாங்குவதைவிட வெளியே சொருகும் எஸ்எஸ்டி இரண்டு வாங்கிக்கொள்வது மேல்: ஒன்றில் வேலை, மற்றதில் பிரதி. ஆனால் நினைவகம் போர்டோடு ஒட்டியது, பிறகு கூட்டவே முடியாது. அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ப்ரோவில் எஸ்டி கார்டு துளையும் எச்டிஎம்ஐ துளையும் உண்டு, வேகமாகத் தரவு கடத்தும் தண்டர்போல்ட் துளைகள் மூன்றும் உண்டு. ஏரில் தண்டர்போல்ட் இரண்டுதான். ஏரோடு கார்டு ரீடரை மறந்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போனால் தவிக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று கல்யாணம் செய்கிறவருக்கு இவை அலங்காரம் அல்ல, வேலை நேரம்.

அப்படிப்பட்டவர் ப்ரோவின் அடிப்படை மாடலோடு நிற்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எம்4 ப்ரோ என்ற பெரிய சிப்போடு வரும் 14 அங்குலக் கருவி 24 ஜிபி நினைவகத்தில் தொடங்குகிறது. அறிமுக விலை 1,99,900 ரூபாய். நினைவகத்திலிருந்து சிப்புக்குத் தரவு போகும் வேகம் எம்4-இல் நொடிக்கு 120 ஜிபி, இதில் 273 ஜிபி. இரைச்சல் நீக்கம் போன்ற வேலைகள் விழுங்குவது இதைத்தான். முப்பதாயிரம் கூடக் கொடுத்தால் கிடைக்கும் இந்தத் தாண்டல், ஏரிலிருந்து அடிப்படை ப்ரோவுக்கு ஐம்பதாயிரம் கொடுத்துத் தாண்டுவதைவிடப் பெரியது.

மின்வெட்டு நாளில் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஏரின் பேட்டரி 53.8 வாட்-மணி, ப்ரோவுடையது 72.4 வாட்-மணி. வீடியோ பார்த்தால் முறையே 18 மணி நேரம், 24 மணி நேரம் என்று ஆப்பிள் சொல்கிறது. எழுத்து வேலைக்கு மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் முழுவதையும் இரண்டுமே ஓட்டிவிடும். ஏற்றுமதி ஓடவிட்டால் இரண்டுமே அதில் ஒரு பங்குதான் நிற்கும். அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் மென்பொருள் மேக்கில் ஓடுமா? கணக்கு எழுதும் டேலி பிரைம் விண்டோஸுக்கானது. சிவில் மாணவர்களின் ரெவிட், மெக்கானிக்கல் மாணவர்களின் சாலிட்வொர்க்ஸ், நில அளவை படிப்பவர்களின் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ ஆகியவையும் அப்படியே. கீழக்கரையிலிருந்து ஒரு தந்தை, மகனைப் பொறியியலில் சேர்த்த கையோடு மேக்புக் ப்ரோவுக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். “அண்ணே, முதலில் கல்லூரியில் என்ன மென்பொருள் கற்றுத்தருகிறார்கள் என்று கேளுங்கள்” என்றேன். ரெவிட் என்று பதில் வந்தது. தனி கிராபிக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் மடிக்கணினியை ஒரு லட்சத்துக்குள் வாங்கினார். அது இரண்டு கிலோவுக்கு மேல், விசிறியும் சத்தமிடும்; அந்தப் பையனுக்கு அதுதான் சரியான கருவி. கடல் உயிரியல் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. புள்ளியியலுக்கான ஆர், வரைபடங்களுக்கான க்யூஜிஐஎஸ் இரண்டும் மேக்கில் நன்றாக ஓடுகின்றன.

பழைய ப்ரோவைப் பாதி விலைக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அது எந்த ஊரில் ஓடியது என்று முதலில் விசாரியுங்கள். டார்ச் அடித்துச் சார்ஜர் துளைக்குள் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேரம் பேசாமல் எழுந்துவிடுங்கள். கருவியின் விவரங்களைக் காட்டும் சிஸ்டம் ரிப்போர்ட்டில் பேட்டரியின் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். 1000 அதன் குறிக்கப்பட்ட எல்லை. பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு கருவியிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை அவர் கண்ணெதிரே சரிபாருங்கள். கடைசியாக ஒரு பெரிய வீடியோவை ஏற்றுமதிக்குப் போட்டுவிட்டு இருபது நிமிடம் பக்கத்திலேயே உட்காருங்கள். விசிறி கரகரக்காமல் சீராகச் சுழன்றால் மட்டும் பணத்தை எடுங்கள்.