செர்ரி மரத்துக்கு எண்ணெயா, அவலரக்கா, வார்னிஷா?

புதிதாக இழைத்த செர்ரிப் பலகை வெளிறிய இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். செம்பழுப்பு மேசையை மனதில் வைத்து வாங்கியவருக்கு அதைப் பார்த்ததும் திக்கென்று இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, அந்த நிறத்தை வெளிச்சமே கொண்டுவந்து சேர்க்கும். பெரிய மாற்றமெல்லாம் முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் நடந்துவிடும். அதனால் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். அந்தச் சாமான் தண்ணீர், சூடு, கீறல் என்று எதையெல்லாம் தாங்க வேண்டும் என்று பாருங்கள்.

ஸ்டெயின் அடித்து அவசரமாகச் சிவக்க வைப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். செர்ரி சாயத்தை ஒரே சீராகக் குடிக்காது, திட்டுத் திட்டாகக் கறுத்துப்போகும். போதாததற்கு, அடியில் இருக்கும் மரமும் நாளாக ஆக இருண்டு, நினைத்ததைவிட அடர்ந்த நிறத்தில் கொண்டுபோய் விடும்.

மரத்தின் அழகை மட்டும் பார்த்தால் ஆளிவிதை எண்ணெய்க்கு ஈடு இல்லை. 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பலகையில் எண்ணெய் பட்ட நொடியில் ரேகைகள் உள்ளிருந்து எழுந்து வருவதுபோல் இருக்கும். பூசுவதும் எளிது: தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் போதும். ஆனால் பாதுகாப்பு குறைவு; ஈரமான டம்ளரை வைத்துவிட்டு மறந்தால் தடம் விழும். டங் மரத்தின் கொட்டையில் எடுக்கும் டங் எண்ணெய் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கலப்பில்லாதது முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள்.

அவலரக்கு, அதாவது ஷெல்லாக், ஸ்பிரிட்டில் கரைவது. பூசிய கொஞ்ச நேரத்திலேயே காய்ந்துவிடும், செர்ரிக்கு இதமான பொன்னிறம் தரும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பழுது பார்க்கும் வசதி. புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுவதால், கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம். ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும், மது சிந்தினால் பூச்சே இளகிவிடும். அலமாரிக்கும் பெட்டிக்கும் அருமை, சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

சாப்பாட்டு மேசைக்கு எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷ்தான் சரி. டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்து, துணியால் நான்கைந்து கை தேய்த்தால் தடித்த பிளாஸ்டிக் தோற்றம் வராது. சூடு, தண்ணீர் இரண்டையும் தாங்கும். குறை என்னவென்றால், ஆழமாகக் கீறினால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது, பெரும்பாலும் மேல்பலகை முழுவதையும் தேய்க்க வேண்டிவரும். நீர் சார்ந்த வகை நாற்றம் குறைந்தது, சீக்கிரம் காயும், ஆனால் செர்ரியின் மேல் ஆரம்பத்தில் சோகை பிடித்ததுபோல் தெரியும். அதற்கு முன் ஒரு கை மெழுகு நீக்கிய அவலரக்கு பூசினால் அந்தக் குறை தீரும்.

வாங்கும்போது ஒரு விஷயம். "செர்ரி நிறம்" என்று விற்பது பல நேரம் வேறு மரத்தின் மேல் அடித்த சாயம்தான். மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் இழுப்பறையின் உட்புறத்தையும் பாருங்கள். அசல் மரம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் கருஞ்செர்ரி. அதில் சின்னக் கறுப்புப் பிசின் கோடுகள் இருக்கும், அதைக் குறையாக நினைக்காதீர்கள். ஆனால் ஓரத்து வெளிறுக்கட்டை அதிகமிருந்தால் யோசியுங்கள், அது மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதி மாதிரி சிவக்காது. கடினமும் நடுத்தரம்தான். மரத்தின் கடினத்தைச் சொல்லும் ஜங்கா அளவில் சுமார் 950, கடின மேப்பிளுக்கு 1450. ஒற்றைத் தாளை வைத்து அழுத்தி எழுதினால் எழுத்து மேசையில் பதியும்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. பிழிந்த துணியால் துடைத்து உடனே ஈரத்தை எடுத்துவிடுங்கள். சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே பாலிஷ் வேண்டாம், பின்னால் மறுபூச்சு ஒட்டாமல் குழி குழியாக விலகும். முதல் ஒரு வருடம் விளக்கையோ பூச்சாடியையோ ஒரே இடத்தில் வைக்காமல் அடிக்கடி நகர்த்துங்கள். இல்லையென்றால் தூக்கிப் பார்க்கும்போது அடியில் அதன் உருவம் வெளுப்பாகத் தெரியும். அப்படி ஆகிவிட்டாலும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். மேசையைக் காலியாக விட்டு அந்த இடத்தில் வெளிச்சம் பட விடுங்கள், சில மாதங்களில் வெளுப்பும் சுற்றியுள்ள நிறத்தோடு பெரும்பாலும் சேர்ந்துவிடும்.